நம் புகழும் மாற்றார் பழியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் பேசியது)



நம் மரபின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட வேண்டுமெனச் சங்கத்தார் முடிவு செய்ததும், அதன்பொருட்டு ஊர்தோறுமுள்ள உறுப்பினரிடம் குறிப்புகள் வேண்டியதும் தாங்கள் அறிந்தனவே. வந்த குறிப்புகளைப் படித்து ஒழுங்கு செய்யும் பணி எம்மை வந்தடைந்தது. பள்ளி வேலை ஒழிந்த மாலைப் பொழுதுகளில் அவற்றை வரி தவறாமற் படித்தோம். எழுதியவர் பலர், பெரும்பாலோர் ஒருவரையொருவர் கண்டும் அறியார். எனினும் அனைவரும் ஒரே கதையையே எழுதியிருக்கின்றனர். நம் முன்னோர் முடியுடை வேந்தர் வழியினர், அறம் வழுவாதவர், வந்தவர்க்கு இல்லை என்னாதவர், ஒருநாள் வஞ்சனையால் வீழ்ந்தனர். வஞ்சித்தவர் யாவர் என்று பார்க்கும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது. வடபாலூரினர்க்கு அவர் ஒரு வகுப்பார். தென்பாலூரினர்க்கு மற்றொரு வகுப்பார். ஆற்றங்கரையூரினர்க்கு இன்னொரு வகுப்பார். எந்த ஊரில் எவர் நமக்கு அடுத்த தெருவிற் குடியிருக்கின்றனரோ, அவரே அந்த ஊரில் நம் முன்னோரை வீழ்த்தியவர்!

தாங்கள் நகைக்கின்றீர்கள், யாமும் நகைத்தோம். ஆனால் அடுத்த வகுப்பாரும் சங்கம் வைத்திருக்கின்றனர். அவர்க்கும் இதழ் உண்டு. எம்முடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வாயிலாக அதனையும் யாம் படிப்பதுண்டு. அதில் வேந்தர் அவர், வஞ்சகர் நாம்.

தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்வதும், மாற்றாரை இன்னார் என்று சொல்வதும் மக்கட் கூட்டத்திற்குப் பழையதொரு வழக்கம். இதனை நன்கு காண்பதற்கு நம் நாட்டுக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும்விடச் சிறந்த இடம் வேறில்லை. நம் ஊர்க் குறிப்புகளை எழுதியவர்கள் அரசரைச் சான்றுக்கு அழைத்தமையால், யாமும் முதற்கண் அரசரிடமே செல்கின்றோம்.

வாதாபிச் சளுக்கியர்க்கும் காஞ்சிப் பல்லவர்க்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போர் நிகழ்ந்தது. ஐகொளெ என்னும் ஊரில் மேகுடிச் சமணக் கோயிற் சுவரில், இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து இரவிகீர்த்தி என்னும் புலவர் பாடிய வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது; காலம் கி.பி. 634. புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் ஒளி மழுங்கிய பல்லவன், காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டான் என்பது அப்புலவரின் கூற்று. அவர் வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஹர்ஷன் என்ற பெயருக்கு மகிழ்ச்சி என்பது பொருளாதலின், அவ்வடநாட்டு வேந்தனுடைய மகிழ்ச்சியைப் புலிகேசி போக்கிவிட்டான் என்று சொல்லால் விளையாடுகின்றார். தம்மைக் காளிதாசனோடும் பாரவியோடும் ஒப்பிட்டுக்கொள்ளவும் தயங்கினாரில்லை. வேந்தனைப் புகழப் புகுந்தவர் போகிற போக்கில் தம்மையும் புகழ்ந்துகொண்டார்!

இனிப் பல்லவர் பக்கம் வருவோம். காஞ்சிக்கு அணித்தே உள்ள கூரம் என்னும் ஊரிற் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் புலிகேசி புறங்காட்டி ஓடினானாம். ஓடியவனுடைய முதுகையே ஏடாகக்கொண்டு வெற்றி என்னும் எழுத்துகளை நரசிம்மவர்மன் பொறித்தானாம். நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கொண்டான் என்பது வரலாறு. அவனது கல்வெட்டு இன்றும் வாதாமியின் பாறையில் உள்ளது.

இம்மட்டில் இரு கூற்றும் வெவ்வேறு போரைப் பற்றியன எனலாம். அடுத்த தலைமுறையிற் பாருங்கள். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன், 674-இல் காவிரியின் தென்கரையில் உறையூரிற் பாசறையிட்டிருந்தபோது ஒரு செப்பேடு அளித்தான். கத்வால் என்னும் ஊரிற் கிடைத்தது அது. நரசிம்மன் புகழை அழித்தேன், மகேந்திரன் வலியைக் கெடுத்தேன், பரமேசுவரனை வென்று காஞ்சியைக் கைக்கொண்டேன் என்று அது முழங்குகிறது. கூரம் செப்பேடோ, பல இலக்கம் படையோடு வந்த அதே விக்கிரமாதித்தன் ஒரு கந்தலை மட்டும் போர்த்துக்கொண்டு ஓடும்படி பரமேசுவரவர்மன் செய்தான் என்கிறது. எது பொய்? ஆராய்ச்சியாளர் கருத்துப்படி இரண்டும் நிகழ்ந்திருத்தல் கூடும். முதலிற் காஞ்சி வீழ்ந்தது. பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பெருவளநல்லூரிற் சளுக்கியன் தோற்றான். அவன் புலவர் காஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். இவன் புலவர் பெருவளநல்லூரிலிருந்து தொடங்கினார். பொய் சொல்லாமலே பொய்யினுங் கேடான ஒன்றைச் செய்யலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்திலது.

இவ்வரிசையில் யாம் மிகவும் எண்ணிப் பார்த்த சொல்லொன்று உண்டு. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியின்மேற் சென்றதைக் கூறும் 757-ஆம் ஆண்டு வக்கலேரிச் செப்பேடு, பல்லவனை 'இயற்கைப் பகைவன்' என்று பொருள்படும் வடசொல்லாற் குறிக்கிறது. என்ன இயற்கை? இரு குடியாரும் சிவனையும் திருமாலையும் வழிபட்டவர். இரு குடியாரும் வடமொழிப் புலவரைப் போற்றியவர். மலையைக் குடைந்து கோயில் எடுப்பதில் ஒருவர்க்கொருவர் இளைத்தவரல்லர். அரசியல் நூல் செய்த கௌடிலியர், ஒரு வேந்தனுக்கு அடுத்த நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன் என வகுத்தார். அந்த இயற்கைதான் இது. அடுத்திருப்பதன்றி வேறு குற்றம் பல்லவன்பால் இல்லை. நம் ஊர்க் குறிப்புகளிலும் பகைவர் ஊருக்கு ஊர் மாறியது ஏன் என்பது தங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

ஆனால் அதே செப்பேடு மேலும் ஒன்று கூறுகிறது. காஞ்சியினுட் புகுந்த விக்கிரமாதித்தன் நகரை அழித்திலன், வறியார்க்கு வழங்கினான், இராசசிம்மேசுவரம் முதலிய கோயில்களின் பொற்குவியலைக் கோயில்களுக்கே திருப்பி அளித்தான். இதனை அவன் ஊரில் மட்டும் எழுதிவைத்தானல்லன். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூணிலேயே கன்னட மொழியிற் பொறித்துவைத்தான். படையெடுத்து வந்தவன் தன் மொழியில் எழுதிய எழுத்து, தோற்றவன் கோயிலில்! அதன் பின்னும் பல்லவர் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நகரில் ஆண்டனர். ஓர் உளி போதும் அதனை அழிக்க, ஒருவரும் அழித்திலர். அன்பர்கள் காஞ்சிக்குச் செல்லுங்கால் ஏகாம்பரநாதர், வரதராசர் சந்நிதிகளோடு திரும்பிவிடாமல் அத்தூணையும் கண்டுவர வேண்டுகிறோம். விக்கிரமாதித்தன் தேவி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலைக் கண்டவர், அதன் அமைப்பிற் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் உண்டு என்பர். காஞ்சியை வென்றதன் நினைவாக எழுந்த கோயில் காஞ்சியின் கோயிலைப் போலவே இருக்கிறது.

பல்லவர் கதையைச் சொல்லும்போது தமிழராகிய நமக்கு மனம் அத்துணை நோவதில்லை. சோழரிடம் வரும்போதுதான் நம் உள்ளம் சோதனைக்கு உள்ளாகிறது. முதலாம் இராசராசன் இரட்டபாடி ஏழரை இலக்கம் கொண்டதை அவன் மெய்க்கீர்த்தியிற் படித்து நாம் தோள் பூரிக்கின்றோம். கன்னட நாட்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, 1007-ஆம் ஆண்டினது, அதே படையெடுப்பைக் கூறுகிறது. ஒன்பது இலக்கம் படையோடு வந்த சோழன் நாடு முழுதும் சூறையாடினான். மகளிரையும் மக்களையும் அந்தணரையும் கொன்றான். கன்னியரைப் பற்றிக் குலத்தைக் கெடுத்தான் என்பது அதன் கூற்று. சோழனை எதிர்த்த சத்தியாசிரயனுக்கு அது தரும் பட்டம், தமிழர்க்குக் கொள்ளைநோய் போன்றவன் என்னும் பொருளது. பகைவன் எழுதியதாயிற்றே, மிகைப்படுத்தியிருப்பான் என்று தாங்கள் கூறலாம். ஒன்பது இலக்கம் என்பது மிகையே. அப்படியாயின் வீரராசேந்திரன் மெய்க்கீர்த்தியைப் படியுங்கள். சாமுண்டராசன் என்னும் சளுக்கியத் தளபதியின் தலையை அறுத்ததோடு, மயிலை ஒத்த சாயலுடைய அவன் ஒரே மகள் நாகலையின் மூக்கையும் அரிந்ததாக அது கூறுகிறது. இதனை எழுதியவர் பகைவரல்லர், நம் புலவர். மறைக்க வேண்டியது என்று அவர்க்குத் தோன்றிற்றில்லை. கேட்டு மகிழ ஓர் அவை இருந்தது.

மகளிர் பலர் இவ்வவையில் இருக்கின்றீர்கள். ஆதலின் இதற்குமேல் இதனை விரிக்கவில்லை.

1054-ஆம் ஆண்டுக் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமீதிருந்தபடியே மாண்டான். பின்வந்த தமிழ்க் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. துஞ்சுதல் என்பது உறங்குதல். இறந்தான் என்று சொல்ல வாய் வராமல் உறங்கினான் என்றனர். 1071-ஆம் ஆண்டையொட்டிய கன்னடக் கல்வெட்டொன்று, சமணக் கோயில்களை எரித்த பெரும்பாவியாகிய தமிழன் தன் தலையைச் சோமேசுவரனுக்குக் கொடுத்தான் என்கிறது. ஓர் உடல், ஒரு யானை, ஒரு நாள். இங்கே தேவர் துயில்கின்றார். அங்கே பாவி தலை கொடுக்கின்றான். இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தவனுக்கே அன்று நிகழ்ந்தது சிறிதேனும் புலனாகும்.

இனி நம் மொழியின்பால் திரும்புவோம். எம் தொழில் தமிழ் கற்பித்தல் ஆதலின் இவ்விடத்தில் சற்று நின்று பேசத் தாங்கள் இசைவு தரவேண்டும்.

பிற நாட்டார் அயலாரைக் குறிக்கும் சொற்களைப் பாருங்கள். கிரேக்கர் தம் மொழி பேசாதாரைப் 'பர்பரர்' என்றனர். புரியாமற் குழறுவோர் என்பது கருத்து. உருசியர் செருமானியரை 'நேமெத்து' என்கின்றனர். ஊமை என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. ஆங்கிலேயர் வேல்சு நாட்டாரை 'வெல்சு' என்று அழைக்கும் சொல்லுக்கு அயலார் என்பதே பழம்பொருள். தம் பழைய மண்ணிலேயே அவர் அயலாராயினர்! அவரோ தம்மை 'கும்ரி' என்பர்; ஒரே நாட்டவர் என்று பொருள். வடமொழியில் மிலேச்சன் என்பதும் தெளிவின்றிப் பேசுவோன் என்னும் வகையினதே.

தமிழில் பகைவரைக் குறிக்கும் சொற்களை நிகண்டுகள் வரிசையாகத் தருகின்றன. ஒன்னார், நண்ணார், மருவார், கூடார், பொருந்தார், மேவார், துன்னார், நள்ளார், கேளார் என அவை நீளும். இச்சொற்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்றாதவர் ஒன்னார், அணுகாதவர் நண்ணார், தழுவாதவர் மருவார், நட்புக் கொள்ளாதவர் நள்ளார், கேள், அஃதாவது உறவு, ஆகாதவர் கேளார். ஊமை என்பதும் குழறுவோன் என்பதும் இவற்றுள் இல்லை. பகைவனுடைய பிறப்பையோ நாவையோ இச்சொற்கள் தொடுவதில்லை. அவன் இன்னும் நம்மோடு வந்து சேரவில்லை என்று மட்டுமே கூறுகின்றன. பகை என்னும் சொல்லும் பகு என்னும் அடியிற் பிறந்து பிரிவையே உணர்த்துவது என்பர். தமிழர் வாயில் இழிசொல்லே இல்லை என்று யாம் சொல்ல வரவில்லை. தெருக்குழாயடியில் நின்றாலே அதற்கு மறுப்புக் கிடைத்துவிடும். நம் நூல்வழக்கு எதனைத் தேர்ந்துகொண்டது என்பதே எம் கருத்து.

புறத்திணை இலக்கணமும் அத்தகையதே. நிரை கவர்வோன் வெட்சி சூடுகிறான். மீட்போன் கரந்தை சூடுகிறான். மதிலை வளைப்போன் உழிஞை சூடினால், உள்ளிருந்து காப்போன் நொச்சி சூடுகிறான். நேர்நின்று பொரும்போது இருபாலாரும் சூடுவது தும்பை என்னும் ஒரே பூ. மாற்றானுக்கும் ஒரு பூவை ஒதுக்கிவைத்த இலக்கணம் இது. அவ்விலக்கணத்தைக் கற்றுத்தேர்ந்தவர் வழியினர்தாம் மூக்கரிந்ததையும் பாடினர் என்பதை யாம் மறக்கவில்லை.

அரசர் போயினர். மெய்க்கீர்த்தி எழுதும் வேலை பின்னர் மக்கட்டொகைக் கணக்குக்கு வந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ரிசிலி என்னும் அதிகாரி சாதிகளை மதிப்பு வரிசைப்படி அடுக்கத் தலைப்பட்டார். நாடெங்கும் விண்ணப்பங்கள் பறந்தன. 1911-ஆம் ஆண்டு வங்காளக் கணக்கெடுப்பில் வந்த விண்ணப்பங்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு என்று அவ்வறிக்கை குறிக்கிறது. ஒவ்வொருவரும் தாம் சத்திரியர், தாம் வைசியர் என்று எழுதினர். நம் பக்கத்திலும் இது புதிதன்று. மூன்றாங் குலோத்துங்கனுடைய நாற்பதாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1218-ஆம் ஆண்டளவில், ஊட்டத்தூர்க் கோயிலில் இடங்கைப் பிரிவினர் பொறித்த கல்வெட்டு, தாங்கள் வேள்வித் தீயிற் பிறந்தவர் என்று கூறுகிறது. தொண்ணூற்றெட்டுப் பிரிவினரும் ஒருதாய் மக்கள்போல் இருப்போம் என்று அவர்கள் உறுதி செய்துகொண்டதும் அதிலேயே உள்ளது. தீப்பிறப்பைப் பின்னோர் பலரும் எடுத்துக்கொண்டனர். ஒருதாய் மக்கள் என்னும் பகுதியை எடுத்துக்கொண்டார் சிலரே.

தர்சுடன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை நம் குறிப்பாளர் பலர் எடுத்தாண்டிருக்கின்றனர். புகழும் இடம் தடித்த எழுத்தில் இருக்கிறது. பிறர் கூறும் பழமொழிகளைக்கொண்டு சாதிகளை எள்ளும் இடங்களும் அத்தொகுதிகளில் உண்டு. நம்மை எள்ளும் இடத்தை ஒருவரும் எடுக்கவில்லை. அயலாரை எள்ளும் இடத்தை மூவர் எடுத்திருக்கின்றனர்.

இவையெல்லாம் வெறும் சொல்தானே, யாருக்கு என்ன தீங்கு எனத் தாங்கள் வினவலாம். சொல் சட்டமாவதும் உண்டு. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்தினும் நுழைந்தது. குழந்தை பிறக்குமுன்பே அதன் குடி திருட்டுக்குடி என்று எழுதப்பட்டது. ஆண்கள் இரவுதோறும் காவல் நிலையத்திற்குச் சென்று தம் இருப்பைக் காட்ட வேண்டியவராயினர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920, ஏப்பிரல் 3-ஆம் நாள் துப்பாக்கி சுட்டது. சென்னையில் அச்சட்டம் 1947-இலும், நாடு முழுதும் 1952-இலும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, அச்சொல்லை இன்றும் வாயில் வைத்திருப்பவர் உளர். நம்முள்ளும் உளர்.

எம் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நம் குறிப்புகளுட் பல எவரை வஞ்சகர் என்கின்றனவோ அந்த வகுப்பைச் சேர்ந்தவள். இப்படி ஒரு நூல் வருவது ஊரெங்கும் தெரிந்த செய்தி. ஒருநாள் கட்டுரை ஏட்டைக் கொடுக்க வந்தவள், "ஐயா, உங்க புத்தகத்துல எங்களைப் பத்தி என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். அக்கேள்வியிற் சினமில்லை; அச்சமும் இல்லை; தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இருந்தது. "எழுதி முடிக்கவில்லை அம்மா" என்றோம். உண்மையும் அதுவே. அவள் படிக்கும்போது அந்த நூலில் என்ன இருக்கும் என்பது இந்த அவையின் கையில் இருக்கிறது.

வந்த குறிப்புகளுள் ஒன்றைமட்டும் இறுதியாக எடுத்துக்காட்ட விரும்புகிறோம். ஊர்ப்பெயர் வேண்டா. அது பதினைந்து பக்கம் கொண்டது. அவற்றுட் பத்துப் பக்கம் வேந்தர் கதை. நான்கு பக்கம் அடுத்த தெருவாரின் பிறப்பைப் பழிப்பது. எஞ்சிய ஒரு பக்கத்தில் இரண்டே வரி, தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது நம்மவர் ஊர் ஏரிக்கரையை உயர்த்திக் கட்டினர் என்று கூறுகிறது. சான்றாகப் பழைய உடன்படிக்கை ஒன்றின் படியும் இணைக்கப்பட்டிருந்தது. யாம் அதனைப் படித்தோம். எவர் எத்தனை ஆள் தரவேண்டும், மண் எங்கே வெட்டவேண்டும், கூலிக்குப் பதிலாகக் கூழ் யார் காய்ச்சவேண்டும் என்பன எல்லாம் அதில் உள்ளன. கீழே பதினோரு கைந்நாட்டுகள். அவற்றுள் ஆறு நம்மவருடையன. ஐந்து அடுத்த தெருவாருடையன. கூழ் காய்ச்சும் பொறுப்பு அவர்களுடையது.

குறிப்பெழுதிய அன்பர் அந்த ஐவர் பெயரையும் விட்டுவிட்டார். வேண்டுமென்றே செய்தார் என்று யாம் கூறோம். அவர் நல்லவர், இவ்வவையிலும் இருக்கிறார். பத்துப் பக்க வேந்தர்க்கு ஒரு செங்கல் அளவு சான்றும் அவரிடம் இல்லை. அந்த ஏரிக்கரையோ இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது.

ஆதலின் நூற்குழுவின் முன் எம் கோரிக்கை இது. அவ்வுடன்படிக்கையைப் பதினோரு பெயரோடும் முழுமையாக அச்சிடவேண்டும். பிற வகுப்பாரின் பிறப்பைப் பேசும் பக்கங்களை நீக்க எமக்கு இசைவு தரவேண்டும். அயலாரைப்பற்றி நாம் எழுதும் பகுதி எதுவாயினும், அச்சுக்குச் செல்லுமுன் அவ்வூரில் அவர் பெரியோர் ஒருவரிடம் படித்துக்காட்டவேண்டும். அவர் மறுப்பதற்குச் சான்று தந்தால் அதனையும் சேர்க்கவேண்டும். இதற்கு உடன்படாதார் இருப்பின் இங்கேயே எழுந்து பேசலாம்; யாம் விடையிறுக்கக் காத்திருக்கிறோம். உடன்படுவோர், தம் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் உள்ள பத்திரங்கள், மொய்க்கணக்குகள், சத்திரக்கணக்குகள், பள்ளிப் பதிவேடுகள் ஆகியவற்றின் படிகளைத் தை மாத இறுதிக்குள் சங்கத்து முகவரிக்கு அனுப்புக. ஓலைச்சுவடியாயின் அஞ்சலில் அனுப்ப வேண்டா. யாமே வந்து படி எடுத்துக்கொள்வோம்.